மொழிகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பவர்

மலையாளம் பிறந்தது ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில்தானாம். முருங்கைக்காய் மூட்டையோடு லாரியில் ஏறிய தமிழ், மலைப்பாதை வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி, கேரளத்தில் இறங்கும்போது மலையாளமாகிவிட்டதாம். இதை எனக்குச் சொன்னவர் துபாயில் எங்கள் கட்டடத்து மேல்மாடியில் குடியிருக்கும் திண்டுக்கல்காரர் மெஹராஜ் அக்கா. அவருக்குச் சொன்னது ஊரிலிருக்கும் அவர் தம்பி. தம்பிக்குச் சொன்னது யாரோ ஒரு லாரி டிரைவர். டிரைவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. என் அக்கா புருஷனைத் தவிர வேறு யார் இப்படிச் சொல்லப் போகிறார்கள்?

மொழிகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். டீக்கடை பெஞ்சு, கல்யாணப் பந்தி, ரயிலில் கீழ் பெர்த், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்தின் மூன்றாம் வரிசை என்று எங்கும் வளரும். எதிரில் யாராவது "தெலுங்கு" என்று வாயெடுத்தால் போதும், சாய்ந்திருந்தவர் நிமிர்வார், வேட்டியை இழுத்துவிட்டுக்கொள்வார், "அது எங்கருந்து வந்துச்சு, தெரியுமா?" என்பார். தெரியும் என்றாலும் தெரியாது என்றாலும் பலன் ஒன்றுதான்.

ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் மண்டி வைத்திருக்கும் அந்த அக்கா புருஷன், அய்யனார் மச்சான், இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. தமிழைத் தவிர வேறு மொழி ஒன்றும் தெரியாது. அது அவருக்கு வசதி. திண்டுக்கல்லில் அவர் குடியிருக்கும் தெருவிலேயே தெலுங்கு பேசும் வீடு உண்டு, கன்னடம் பேசும் வீடு உண்டு. அவர்களிடம் எதையும் கேட்கப் போனதில்லை. சொல்லிக்கொடுக்கத்தான் போயிருக்கிறார். டீ கிளாஸை நடுவில் வைத்து அது தமிழ் என்பார், சுற்றிலும் வடை, பஜ்ஜி, சட்னிக் கிண்ணம் வைத்து தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்பார், விளக்கம் முடிவதற்குள் கன்னடத்தை யாராவது தின்றிருப்பார்கள். மராத்தி? வளர்ப்புப் பேத்தி. வங்காளம்? "தூரத்துச் சொந்தம் மாப்ள, பத்திரிகைய தபால்ல அனுப்புனா போதும்." இந்திக்கு அந்த மேஜையில் இடமில்லை. ஆதாரம் கேட்டுப் பாருங்கள்.

"ஆதாரமா? அம்புட்டும் கடல்ல போயிருச்சுல்ல!"

படித்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், அந்தத் தாய் எழுத்து எதையும் விட்டுவைக்காமல் போய்விட்டாள், தெலுங்கு முன்னாலேயே தனிக்குடித்தனம் போனது, தமிழும் மலையாளமும் கடைசிவரை ஒரே அடுப்பில் பொங்கித் தின்று பிறகு பிரிந்தவை, மராத்தியும் வங்காளமும் ஒடியாவும் வேறொரு வீட்டுப் பிள்ளைகள், பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததால் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் போலச் சொற்கள் போய் வந்தன, என்பது அவர்கள் கணக்கு. இதை ஒருமுறை மச்சானிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்ப தெலுங்கு தங்கச்சிங்கிறியா?"

"அக்காவாக்கூட இருக்கலாம் மச்சான்."

"ஏலே, மகள்னா சொன்ன பேச்சு கேப்பா. தங்கச்சின்னா சொத்துல பங்கு கேப்பா. வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு எதையாவது பேசாத."

இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம். விஷயம் என்னவென்றால், அவர் மகள் பவித்ரா கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பாலக்காட்டுப் பையனைப் பிடித்துப்போய், வீட்டில் தைரியமாகச் சொல்லி, என் அக்கா புவனேஸ்வரி இரண்டு பக்கமும் பேசிப் பேசி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்ததில், போன ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் பெண் பார்க்க திண்டுக்கல் வந்தார்கள். பையனின் அம்மா உயர்நிலைப் பள்ளியில் மலையாளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மெஹராஜ் அக்கா சொன்னதை என்னால் ஏன் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை என்று இப்போது புரிகிறதா? அதைக் கேட்ட உடனே, அவர்கள் வருவதற்கு முன்பே, அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சத்தியம் வாங்கிட்டேன்டா. மொழியப் பத்தி மூச்சு விடமாட்டாரு."

சத்தியம் கேசரி வரைக்கும் தாங்கியது. நான் வீடியோவில் இருந்தேன். செல்லைத் தண்ணிச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். பாதி கூரை, பாதி மச்சான். அந்த அம்மா நல்லெண்ணத்தோடு, "நம்ம ரெண்டு பேர் பாஷையும் எத்தனை அடுப்பம், இல்லையா?" என்று நெருக்கத்தைச் சொன்னார். அவ்வளவுதான். மச்சான் நிமிர்ந்தார். வேட்டியை இழுத்துவிட்டார்.

"அடுப்பம் என்னங்க அடுப்பம்! நாங்கதான் உங்களுக்குத் தாய் வீடு. நீங்க எங்க மக வீடு. மொறைப்படி பாத்தா நாங்கதான் உங்களுக்குச் சீர் கொண்டாரணும்."

"அம்மை வேற ஒருத்தி," என்றார் அந்த அம்மா, கரும்பலகை முன் நிற்கும் பொறுமையோடு. "தமிழும் மலையாளமும் சகோதரிமார். உங்க ஆள் மூத்தவள். சம்மதிச்சாச்சு, போதுமா?"

அக்கா ஸ்தானம். யாரும் கேட்காமலே கிடைத்தது. வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு காபியை நீட்டியிருப்பார்கள்.

"அதெப்படிங்க ஒத்துக்கிறது? அக்கா தங்கச்சின்னு வச்சுக்கிட்டா, எங்க புள்ளயும் உங்க பையனும் அக்கா தங்கச்சி பிள்ளைக. அண்ணன் தங்கச்சி மொறையில்ல வருது! கல்யாணமே கூடாதுங்களே!"

சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். ஜெயித்த முகம்.

பையனின் அப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்த சத்தம் துபாயில் கேட்டது. அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்து எழுந்து, மரியாதை குறையாமல், "அது சரி, முறை பார்க்கணுமே. வீட்டில் ஆலோசிச்சுக் கூப்பிடறோம்," என்றார். கார் கதவுகள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டன.

"நாஞ் சொன்னதுல என்ன தப்பு?" என்றார் மச்சான்.

"அப்பா, நானும் அவரும் மனுசங்க. பாஷை இல்ல," என்றாள் பவித்ரா. "இந்தச் சம்பந்தம் போச்சுன்னா வேற மாப்பிள்ளைனு யாரையும் கூட்டிட்டு வராதீங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதன்கிழமை வரை பாலக்காட்டிலிருந்து போன் வரவில்லை. பையன் பவித்ராவிடம், "அம்மா யோசிச்சிட்டிருக்காங்க," என்பதோடு நிறுத்திக்கொண்டானாம். அன்று சாயங்காலம் அக்கா என்னை வீடியோவில் சாட்சிக்கு உட்கார வைத்துவிட்டு, மச்சானின் செல்லை அவர் கையில் திணித்தாள்.

"போடுங்க. எடுத்ததும் ஒரே வார்த்தை. 'நீங்க சொன்னதுதாங்க சரி.' அதுக்கு மேல வாயத் தொறந்தீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"செத்த இரு. ஒருதடவ சொல்லிப் பாத்துக்கிறேன். நீங்க சொன்னது... ஓரளவு..."

"ஓரளவு கிடையாது!"

"நீங்க சொன்னதையும் ஒரு கருத்தா..."

"அப்பா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இந்த மச்சானைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் தெலுங்கு அக்காவாக இருக்கலாம் என்று நான் சொன்ன இடத்தில் உங்களுக்கு எங்கோ சுருக்கென்றதே, அது என்ன? இதை மடித்து வைத்துவிட்டு எனக்கு ஒரு மறுப்பு அனுப்பலாமா என்று தோன்றியதே? வேண்டாம், கோபப்படாதீர்கள். பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து "நீங்க சொன்னதுதாங்க சரி" என்று ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இழுக்காமல், "ஆனா" சேர்க்காமல். வந்துவிட்டால் நீங்கள் வேறு இனம்.

மச்சான் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சாத்திய கதவு விரல் அகலம் திறந்தது. பாலக்காட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.