களைப்பை நேரில் கொண்டுவரவும்

அலுவலக நேரத்தில் ஒருவருக்குக் களைப்பு ஏற்படுவதாக இருந்தால் அது முன் அனுமதி பெற்றே ஏற்பட வேண்டும் என்பதில் அந்த அலுவலகம் மிகத் தெளிவாக இருந்தது. அதனால் கோப்பு அக்கா செய்தது பெரிய ஒழுங்கீனம். மூன்றாவது சுற்று கீமோ முடிந்த கையோடு, யாரையும் கேட்காமல் களைத்துப்போயிருந்தாள்.

இருபது வருஷமாகக் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அழுததால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்.

தூங்கினால் தீருகிற களைப்பு இல்லை இது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும், பல் விளக்கி முடித்ததும் ஒருமுறை உட்கார வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்ட மாதிரி ஆகிவிடும். பதிவறையில் ஒரு மடக்குக் கட்டில் சும்மா கிடந்தது. அதில் ஒரு மணி நேரம் முதுகைச் சாய்த்தால் சாயங்காலம்வரை தாக்குப்பிடிப்பாள். இல்லாவிட்டால் வேலையை விடவேண்டியதுதான்.

மேலாளரிடம் போய்க் கேட்டாள்.

"களைப்பா? யாருக்கும்மா இல்ல? நேத்து ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து எனக்கே கண்ணு சொருகுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் மச்சினி தினமும் பச்சையா ஏதோ ஒரு சாறு குடிக்கிறா. இப்ப மாரத்தான் ஓடுறா."

"அவங்களுக்கும் கேன்சரா சார்?"

"சேச்சே, அவ எதுக்கு அதெல்லாம் வச்சுக்கப் போறா? ரொம்ப பாசிட்டிவான பொண்ணு."

விண்ணப்பம் நான்காவது மாடியில் இருந்த களைப்பு ஆய்வுக் குழுவுக்குப் போனது. லிஃப்ட் கோப்புகளுக்கு மட்டும். மனிதர்கள் ஏறினால் கோப்புகள் தாமதமாகும். எனவே விண்ணப்பம் லிஃப்டில் சுகமாகப் போக, விண்ணப்பதாரர் படியில் போனாள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து, எண்பத்தெட்டுப் படிகளை முக்கால் மணி நேரத்தில் முடித்தாள். கடைசிப் படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரியாதைக்கு ஒரு சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"எப்படி வந்தீங்க?" என்றார் குழுத் தலைவர்.

"படியேறித்தான் சார்."

"யாராவது தூக்கிட்டு வந்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?" என்றபடி அவர் எழுதினார்: 'விண்ணப்பதாரர் நான்கு மாடிகளைச் சொந்தக் கால்களால் கடந்துள்ளார். களைப்பு தென்படவில்லை.'

"ஏறி வர முடியாதவங்க என்ன சார் பண்றது?"

"வரவே வேண்டாமே. வராதவங்க மனுவை நாங்க எடுக்கிறதில்ல, அவ்வளவுதான்."

மறுநாள் அவள் வீட்டுக்காரர் மனுவோடு போனார். தையல்காரர், உட்கார்ந்தே பிழைத்து நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. கோபத்தில் ஒரே ஓட்டமாக ஏறிவிட்டு, குழுவின் முன்னால் புஸ் புஸ்ஸென்று நின்றார். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை.

தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நல்லா பார்த்துக்கோங்க," என்றார் குழுவினரிடம். "களைப்புன்னா இது."

"எனக்கில்ல சார்... என் பொண்டாட்டிக்கு... நான் இங்க வேலையே பார்க்கல."

"வேலையே பார்க்காம இவ்ளோ களைப்பா? அப்ப கேஸ் ரொம்ப முத்திடுச்சு."

தையல்காரர் தினமும் இரண்டு முதல் மூன்று வரை பதிவறைக் கட்டிலில் படுத்திருக்க உத்தரவாயிற்று. ஓய்வு முறைப்படி எடுக்கப்படுகிறதா என்று ஓர் ஊழியர் பக்கத்தில் நின்று கண்காணிக்க வேண்டும். பதிவறை கோப்பு அக்காவின் பொறுப்பு என்பதால் நிற்கவேண்டியவளும் அவளே.

"நீ படும்மா, நான் நிக்கிறேன்," என்றார் தையல்காரர்.

"உத்தரவு உங்க பேர்ல இருக்கே."

"முதுகு உன்னோடது. படு."

படுத்தாள். நாலே நிமிஷம். மேலாளர் வந்து, இது ஆள்மாறாட்டம் என்று எழுப்பிவிட்டார். இன்னொரு தடவை அனுமதியின்றிப் படுத்தால் வேலை போய்விடும் என்று எழுத்திலும் கொடுத்தார். தையல்காரர் ஓய்வைத் துறந்து கடைக்குப் போய்விட்டார். கட்டிலை மேலாளர் எடுத்துக்கொண்டார்.

மூச்சு வாங்கினால் சான்றிதழ் என்ற செய்தி அதற்குள் பரவிவிட்டது. குமாஸ்தாக்கள் படிகளில் ஓடினார்கள். கணக்கர், எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு தடவை ஓடினார். கழுத்துத் தலையணையை மாட்டிக்கொண்டு திரிவது பதவிக்கே ஒரு அழகு என்றாகிவிட்டது. 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டால் சண்டைக்கு வந்தார்கள். சான்றிதழ் எழுதி எழுதியே களைத்துவிட்டதாகக் குழுத் தலைவரும் தமக்குத் தாமே ஒன்று வழங்கிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, பதிவறைக் கட்டிலில் மேலாளரும் தரையில் குழுத் தலைவர் முதலானோருமாக இருபத்திரண்டு பேர் கண்மூடிக் கிடந்தார்கள். விதவிதமான சுதியில் குறட்டை. கண்காணிக்க நின்றது கோப்பு அக்கா மட்டும். கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு கால் அவளைக் கேட்காமலே மடங்கியது. இரண்டு கோப்புக் கட்டுகளுக்கு நடுவே சரிந்து, அப்படியே தூங்கிப்போனாள்.

மூன்று மணிக்கு மேலாளர் எழுப்பினார். கையில் குற்றச்சாட்டு தயாராக இருந்தது: 'அனுமதியின்றி நாற்பத்தேழு நிமிடங்கள் உறங்கினார். இதை இருபத்திரண்டு பேர் நேரில் கண்டனர்.' கீழே அத்தனை பேரின் கையெழுத்தும் இருந்தது.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"நாப்பத்தேழுன்னு எப்படி சார் அவ்ளோ கரெக்டா தெரியும்? நீங்கல்லாம் தூங்கிட்டில்ல இருந்தீங்க?"

"யாரும்மா தூங்கினது? சும்மா கண்ணை மூடிப் படுத்திருந்தோம். பட்டப்பகல்ல தூக்கம் வர்றதுக்கு எங்களுக்கென்ன களைப்பா?"

பின்னால் நின்ற இருபத்தோரு தலைகளும் ஆமாம் போட்டன.

கோப்பு அக்கா தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப சொன்னதை அப்படியே இதுல எழுதிடுங்க சார். பழையபடி எல்லாரும் கீழே ஒரு கையெழுத்து."

யாரும் பேனாவைத் தொடவில்லை. தலைக்கு மேல் வேலை கிடப்பது எல்லாருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அரை நிமிஷத்தில் அறை காலி. அவள் குற்றச்சாட்டை அதற்குரிய கோப்பில் பத்திரமாகக் கட்டி வைத்துவிட்டு, மேலாளரின் சூடு இன்னும் ஆறாத கட்டிலில் படுத்துக்கொண்டாள்.