சாவித் துவாரம் இல்லாத பூட்டு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், கம்ப்யூட்டரைத் தவிர. அங்கே நீங்களும் பெரியவளும் நலமாக இருக்க வேண்டும். கோபத்தில் எழுதினாலும் இதை மனதாரத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் எனக்கு வாய் நீளுமாம், எழுதினால்தான் பார்த்து அடிக்க வசதியாம், உங்கள் அத்தை சொல்கிறாள். மேலே மையால் மெழுகியிருக்கும் இரண்டு வரியும் அவள் கைவேலை.

முந்தாநாள் விருந்துக்கு வந்தவர் சாப்பிட்டோமா படுத்தோமா என்று இருந்திருக்கலாம். சின்னவளின் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன மாமா, பூட்டுக்கடை வச்சிருக்கீங்க, இது திறந்து கிடக்கு" என்றீர்கள். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, நல்ல பூட்டாகப் போடுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன். போட்டீர்களே ஒன்று, பயாஸ் பாஸ்வேர்டு என்று! மெஷின் கண் விழிப்பதற்கு முன்பே வாசலில் நின்று மறிக்கிறது. சின்னவள் திங்கட்கிழமை கல்லூரியில் கொடுக்க வேண்டிய கட்டடப் படம் முழுவதும் அதற்குள்ளே. கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு. பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

போன் போட்டால், "உங்க பெரிய பொண்ணு பிறந்தநாள்தான் மாமா, அதை மறப்பேனா?" என்று சிரிக்கிறீர்கள். பக்கத்தில் பெரியவள் பூரித்துப்போய், "பாத்தியாப்பா?" என்கிறாள். பார்த்தேன் தாயே, பார்த்தேன். பதினேழாம் தேதியை நேராகப் போட்டோம், மாதத்தை முன்னால் தள்ளிப் போட்டோம், வருஷத்தைக் குறுக்கிப் போட்டோம். மூன்றாவது தடவை கோபித்துக்கொண்டு தானே அணைந்துவிடுகிறது. கோபப்பட வேண்டியவன் நான்.

பீரோ, கார், பள்ளிக்கூட கேட் என்று இந்த ஊரில் நான் திறக்காத பூட்டு இல்லை. இதில் கம்பியை எங்கே விடுவது? கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் அடிப்பக்கத்தைக் கழற்றி, காசு மாதிரி இருந்த பேட்டரியை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, பழைய மெஷினாக இருந்தால் மறந்திருக்கும், இது மறக்காது, கம்பெனிக்கு அனுப்பினால் பதினைந்து நாள் ஆகும் என்றார். போகிறவர் சும்மா போகாமல், "நீங்களே பூட்டுக்காரர்தானே அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பேச்சு உங்களால் வந்தது.

ஆகவே இனிமேல் இந்த வீட்டுப் படியைத் தாராளமாக மிதிக்கவும். (கடைசி இரண்டு சொல் அத்தை திருத்தியது.)

நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க. உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: திறந்துவிட்டது. போன வருஷம் பெரியவள் பிறந்தநாளுக்கு நீங்கள் ஒரு நாள் தள்ளிக் கேக்கோடு வந்து, கேக் கடை மூடியிருந்தது என்றீர்களே, அது சின்னவளுக்கு ஞாபகம் வந்து பதினெட்டைப் போட்டாள். படம் பத்திரம், பிள்ளை சாப்பிடுகிறாள். பதினெட்டை நானும் அவளும் பெரியவளிடம் மூச்சு விட மாட்டோம். ஆனால் மாப்பிள்ளை, உங்கள் அத்தை, இனிமேல் தன் பிறந்தநாளைத்தான் பாஸ்வேர்டாகப் போட வேண்டும், அதுவும் யாரையும் கேட்காமல் நானே போட வேண்டும் என்று என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடியைக் கடையில் விட்டுவிட்டேன் என்று சொல்லி ஓடிவந்து இதை எழுதி, கடை போனிலிருந்து படம் பிடித்து அனுப்புகிறேன். நாம் இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். பெரியவளிடம் நைசாகக் கேட்டு, அத்தை பிறந்த தேதியை இதே போனுக்கு உடனே அனுப்புங்கள். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருக்கிறது. அதிக நேரம் தேட முடியாது.