இரண்டாவது டம்ளர் யாருக்கு?

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே உங்கள் நலம் எப்படி? வழக்கம்போல் ஒப்புக்குக் கேட்கவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

முதலில் மன்னிப்பு. போன மாதம் நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை நாற்பத்திரண்டு பேர் படித்துவிட்டார்கள். நாற்பத்திரண்டும் ஏழாம் வகுப்பு. முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கியவர், உறையைத் தாண்டி ஒரு வரி படித்திருக்க மாட்டீர்கள், உங்களுக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போனில் சொல்லி அழலாம் என்றால் நீங்கள்தான் அந்தக் கருவியை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறீர்கள். அதனால் கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

எல்லாம் எங்கள் புதிய தலைமையாசிரியையால் வந்த வினை. என்னைவிட இருபது வயது சின்னவர். ஒருநாள் மதியம் சத்தமில்லாமல் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நானும் சளைக்காமல் கணீரென்று பாடத்தை வாசித்தேன், பிள்ளைகளும் வரிக்கு வரி விரலை வைத்து நகர்த்திக்கொண்டு வந்தார்கள், பார்க்கவே அழகாக இருந்தது. வாசித்து முடித்ததும் அவர் எழுந்து, “கப்பல் ஏன் கரைக்கு வரல? யாராவது சொல்லுங்க” என்றார். நாற்பத்திரண்டு விரல்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. “சரி, நீங்களே சொல்லிடுங்க மிஸ்” என்று என் பக்கம் திரும்பினார். பத்தொன்பது வருடமாக அதே பாடத்தை வாசிக்கிறேன் அண்ணா, என் வாயிலிருந்து வந்தது, “எந்தக் கப்பல்?”

அடுத்த வாரமே என்னை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். பத்திக்குப் பத்தி நிறுத்த வேண்டுமாம். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கச் சொல்ல வேண்டுமாம். படிக்கும்போதே ஓரத்தில் புரியாத இடத்தில் கேள்விக்குறி, திடுக்கிட்ட இடத்தில் ஆச்சரியக்குறி, நம்ப முடியாத இடத்தில் பெருக்கல் குறி போடச் சொல்ல வேண்டுமாம். பயிற்சியாளர் இதையெல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ எழுந்து நின்று, “இது எங்க அண்ணன் செஞ்சது சார்” என்று கத்த வேண்டும்போல் இருந்தது. நினைவிருக்கிறதா? அந்த வாடகை வீட்டு மாடிப்படியில் நீங்கள் நாலாவது படி, நான் இரண்டாவது படி. பள்ளி விட்டு வந்ததும் துப்பறியும் கதை வாசிப்பீர்கள். திருடன் தாழ்ப்பாளில் கையை வைப்பான், நீங்கள் பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். “அப்புறம் என்ன ஆகும், சொல்லு. சொன்னாத்தான் அடுத்த பக்கம்.” நான் எதையாவது உளறுவேன். “ஏன் அப்படி நெனைக்கிற?” என்று அதற்கும் ஒரு கேள்வி. கதை முடிவதற்குள் உங்கள் இரண்டு சட்டைகளுக்கும் நான் இஸ்திரி போட்டிருப்பேன், அது வேறு கதை. ஒரு புத்தகத்தில் கடைசி எட்டுப் பக்கமே இல்லை, நான் ஊகித்துச் சொன்ன முடிவையே வெறும் பின்னட்டையைப் பார்த்து, அதில் அச்சாகியிருக்கிற மாதிரி வாசித்தீர்கள். எப்படிச் சரியாகச் சொன்னேன் என்று ஒரு வருடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். உண்மை தெரிந்தபோது உங்களோடு மூன்று நாள் பேசவில்லை. இப்போது நினைத்தால் அந்த மூன்று நாள் வீணாகப் போனதே என்று இருக்கிறது.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் கிறுக்கக் கூடாது என்பது சட்டம். தனித்தாள் வேண்டும். என் பையைக் கவிழ்த்தால் மருந்துச் சீட்டும் உங்கள் கடிதமும்தான் விழுந்தன. பெயர்களை மறைத்து நாற்பத்திரண்டு ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். ஒரு அண்ணன் தங்கைக்கு எழுதியது, அவர் மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது, இவ்வளவுதான் சொன்னேன். “நான் நலம். வீடு நலம். ரோஜாச் செடி நலம்” என்ற இடத்திலேயே ஒருவன் கையைத் தூக்கினான். “நல்லா இருக்கறவரு எதுக்கு மிஸ் இத்தனை தடவ சொல்றாரு?” இன்னொருவன் நீங்கள் தலைமறைவாக இருக்கும் உளவாளி என்றான். பாதி வகுப்பு அதை நம்பிவிட்டது, நான் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்தேன். அப்போதுதான் ஜன்னலோரப் பெண் எழுந்தாள். பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்காதவள், நான் மனதுக்குள் கோட்டான் என்று பெயர் வைத்திருந்தவள். “காலைல ரெண்டு டம்ளர் டீ போடுறேன், ஒண்ணு ஆறிப்போகுதுன்னு எழுதியிருக்காரே. அந்த ரெண்டாவது டம்ளர் யாருக்கு மிஸ்?”

தலைமையாசிரியை வாசலில் நின்று கைதட்டினார். கணக்கு வாத்தியார் மறுநாளே தன் மாமனார் கடிதத்தைக் கொண்டுவந்தார், தாள் முழுக்கப் பெருக்கல் குறி விழுந்து இப்போது மனைவியிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். நான் மட்டும் ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன் அண்ணா. கையெழுத்து மாறவில்லையே என்று சந்தோஷப்பட்டேன். அண்ணியின் டம்ளர் கண்ணில் படவே இல்லை. கடைசி வரியில் “நீ அலைந்து வர வேண்டாம்” என்று இருந்தது, நல்லதாகப் போயிற்று என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

உடனே கிளம்பி வரத்தான் ஆசை. ஆனால் முழங்கால் வலியில் படி ஏற முடியவில்லை, தேர்வுத்தாள் மலைபோலக் குவிந்து கிடக்கிறது, நீங்களும் வர வேண்டாம் என்றுதான் சொல்கிறீர்கள். அதனால் இந்த மாதம் வரவில்லை, பிறகு பார்க்கலாம். இனி நம் வீட்டுக் கடிதம் எதுவும் வகுப்புக்குள் நுழையாது, இது சத்தியம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரோஜாச் செடிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் ஆசியை என்றும் வேண்டும்,

அன்புத் தங்கை.

பி.கு.: சத்தியம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பயிற்சிக்கு வேறு தாள் கிடைக்காமல் இந்தக் கடிதத்தையே இன்று வகுப்பில் கொடுத்துவிட்டேன். முழங்கால் வலிக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, “நேத்து மிஸ் எங்களோட கயிறு தாண்டினாங்க.” தேர்வுத்தாளுக்குப் பெருக்கல் குறி, “பரீட்சை அடுத்த மாசம்தான்.” கோட்டானுக்குப் பக்கத்தில் அவளே ஒரு பெரிய ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாள், மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “இந்த மாதம் வரவில்லை” என்ற வரிக்குக் கீழே அவள் பென்சிலால் எழுதியிருப்பது உங்கள் கேள்வி: “அப்புறம் என்ன ஆகும்?” எனவே மேலே உள்ள சமாதானங்களை அடித்துவிட்டுப் படியுங்கள். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். மூன்று டம்ளர் போடுங்கள். அண்ணியுடையது ஆறினால் ஆறட்டும். என்னுடையதற்குச் சர்க்கரை அரைக் கரண்டி போதும்.