சகலையின் அபராதத்தைக் கேட்கப் போன நாள்

உலகத்தில் யார் ஸ்கூட்டர் வாங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். சகலை வாங்கினால் முடியாது. மாமனார் வீட்டு வாசலில் அது பளபளவென்று நிற்க, பக்கத்தில் நம் சைக்கிள் சாய்ந்திருக்கும் கோலத்தை நாமே பார்க்க வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தேன். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. என் மனைவியின் தங்கை கணவன் செல்வராஜுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. (ஆள் நல்லவன். எரிச்சலே அதுதான்.) ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு ஊரே காத்துக் கிடக்க, அவனுக்கு மட்டும் எப்படியோ ஒன்று கிடைத்துவிட்டது. அதன்பின் திருவானைக்காவல் மாமனார் வீட்டில் அவனுக்குக் காபி சூடாகவும் எனக்கு ஆறியும் வந்தது. (ஒரே பாத்திரத்திலிருந்துதான் ஊற்றினார்கள் என்பாள் என் மனைவி.)

ஒருநாள் அந்த இனிய செய்தி வந்தது. தெப்பக்குளம் பக்கம் செல்வராஜைப் போலீஸ் நிறுத்திக் கேஸ் எழுதிவிட்டதாம். என்ன குற்றம், என்ன அபராதம் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார் கான்ஸ்டபிள்.

"சகலை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அவரையே கேட்டுக்கலாமே."

"கேட்டா சங்கடப்படுவாரு."

"நாளைக்குக் கோர்ட்டுல சத்தமாவே வாசிப்பாங்க. யாரு வேணும்னாலும் உக்காந்து கேக்கலாம். வாங்க."

யார் வேண்டுமானாலும் என்றால் மாமனாரும்தானே? மறுநாள் லீவு போட்டுவிட்டு, "கோர்ட்டுல ஒரு சின்ன வேலை, துணைக்கு வாங்க மாமா" என்று அவரைக் கிளப்பினேன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வாசிப்பதற்குள் போகாவிட்டால் எல்லாம் வீண். அவரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, காவிரிப் பாலத்தை மிதித்துக் கடந்தேன். டவுனுக்குள் டபுள்ஸ் போகக்கூடாது என்பது ஊருக்கே தெரியும். என் கண்ணில் செல்வராஜின் தலைகுனிந்த முகம் மட்டுமே இருந்தது.

கோர்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கை குறுக்கே நீண்டது. அதே கான்ஸ்டபிள்.

"கோர்ட்டுக்குத்தானே சார்? வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

உள்ளே முதலில் செல்வராஜைக் கூப்பிட்டார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தியது குற்றம்.

"ஒரு பெரியவர் ரோட்டுல மயங்கி விழுந்துட்டாருங்க ஐயா. தூக்கி உக்கார வைக்க நிறுத்தினேன்" என்றான்.

எச்சரித்து அனுப்பிவிட்டார் மாஜிஸ்திரேட். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குற்றம் செய்வதில்கூட என்னைவிட ஒரு படி மேலே நிற்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்து என் பெயர். சைக்கிளில் டபுள்ஸ்.

"பின்னால உக்காந்திருந்தது யாரு?"

"மாமனாருங்க."

"எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"இங்கதாங்க ஐயா."

கோர்ட்டே சிரித்தது. அபராதத்தைச் சத்தமாக, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி வாசித்தார்கள். அவசரத்தில் நான் பர்ஸை வீட்டிலேயே விட்டிருந்தேன். செல்வராஜ்தான் கட்டினான். "விடுங்கண்ணே, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று வேறு சொன்னான். திட்டியிருந்தால் தேவலை. மாமனார் ஸ்கூட்டரில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். ஏறும் தைரியம் வரவில்லை.

"சின்ன மாப்பிள்ளை என்னைக் கோயில் குளம்னு கூட்டிட்டுப் போவாரு. பெரியவரு கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு" என்று கடைசி வரை வந்தவர்களிடமெல்லாம் சொன்னார் மாமனார். அவருக்குப் பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. போன வாரம் பேத்தியைக் காய்கறிக் கடைக்குக் கூப்பிட்டேன். "எந்தக் கோர்ட்டுக்குத் தாத்தா?" என்றாள்.

சொல்லிக் கொடுத்தது செல்வராஜ்தான். அவனிடம் இப்போது கார் இருக்கிறது.