பிரேக்கை மிதித்த மாப்பிள்ளை

‘சும்மா’ என்று தொடங்கும் எந்த அழைப்பையும் நான் நம்புவதில்லை. செய்தித்தாள் அலுவலகத்தில் வருகிற தகவலையெல்லாம் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் குணத்தை அங்கேயே மேஜையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கலாம்.

ஸ்ரீரங்கத்தில் வைதேகியைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அந்த நேரத்தில்தான் அவளுடைய அண்ணன் சீனு போன் செய்தார்.

“புதுசா ஜீப் வாங்கிருக்கேன். பச்சைமலை அடிவாரத்துல ஒரு மண்பாதை இருக்கு. புதுசா ஓட்டறவாளுக்கு ஏத்தது. சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம், வாங்கோ.”

மாப்பிள்ளையைச் சோதிக்கிறார்கள் என்று அப்போதே முடிவு கட்டினேன்.

துறையூரில் காபிக்கு நிறுத்தினார். “நிறைய காபி குடிப்பேளோ?” என்றார். (பாருங்கள், விசாரணை ஆரம்பம்!) “எப்போதாவதுதான்” என்றேன், கையில் இரண்டாவது தம்ளருடன்.

பாதை நெடுகக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வழி காட்டியிருந்தார்கள். அது அவ்வளவு எளிதாக இருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. கடைசியில் ஒரு சின்னச் சரிவு. கீழே மரவள்ளி வயல். சீனு என்னை ஓட்டச் சொல்லிவிட்டு இறங்கி, ஓரமாக நின்றுகொண்டார். (தப்பித்துவிட்டார்.)

“முதல் கியர்லயே விடுங்கோ. பிரேக்கத் தொடவே தொடாதேள். வண்டியே மெதுவா இறங்கிடும்!”

சரிவில் பிரேக்கைத் தொடாதே என்று எந்த நல்லவன் சொல்வான்? சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனா என்று பார்க்கிறார். சொந்தப் புத்தி உள்ளவன் என்று காட்ட இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன்.

சக்கரங்கள் நின்றன. ஜீப் நிற்கவில்லை. சரளை மண்ணில் பக்கவாட்டில் வழுக்கி, சுண்ணாம்புக் கற்களை உருட்டித் தள்ளி, மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே மூக்கைக் குத்திக்கொண்டது.

வயலுக்குச் சொந்தக்கார அம்மாள் ஓடிவந்தார். “இதுல சின்னப் புள்ளைங்க சைக்கிள் ஓட்டுதுங்களே சார், நீங்க எப்படி இங்க வந்தீங்க?”

நான் சீனுவைப் பார்த்து, “சோதனைல தோத்துட்டேனா?” என்றேன்.

“என்ன சோதனை? கூட வர ஆளில்லைன்னு கூப்பிட்டேன். உங்களை எல்லாருக்கும் பிடிச்சாச்சு. சாயங்காலம் அப்பா போன் பண்ணறதா இருந்தார்.”

சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டார். நடந்ததை அவர் சொல்லி முடித்ததும், ஸ்பீக்கரில் வைதேகியின் குரல் கேட்டது.

“ஜீப் கிடந்தா கிடக்கட்டும் அண்ணா. அவரைப் பத்திரமா அழைச்சுண்டு வா. டிரைவர் சீட்ல மட்டும் உட்கார விடாதே.”

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தப் பாதை எங்கள் குடும்பத்தில் நிஜமாகவே சோதனைக் களமாகிவிட்டது. வைதேகியின் தங்கைக்கு வரன் வந்தபோது, அந்தப் பையனையும் அங்கே கூட்டிப்போனோம். அவரோ நாங்கள் சொன்னபடி பிரேக்கைத் தொடாமல் அழகாக இறக்கினார். செய்தியைக் கேட்டதும் என் மாமியாரின் முகம் சுருங்கியது.

“யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிடுவார் போலிருக்கே! எதுக்கும் நன்னா விசாரிச்சுடுங்கோ, மாப்ளே.”