கற்பூரம் கொளுத்திய மூடி

என் வாழ்நாளில் நான் உருகி உருகிப் பூஜை செய்தது ஒரே ஒரு தெய்வத்துக்குத்தான். கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகும் சாலையில், ஒரு தவிட்டெண்ணெய் ஆலையின் தகரக் கொட்டகைக்குள் அது இருந்தது. எண்ணெய்ச் சூடாக்கி. அது என்னைச் சந்தியில் நிறுத்திய கதையை எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குக் காபியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். யாரோ சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

ஆலை முதலாளி பழைய மிராசு. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும், மிஞ்சியதில் கொஞ்சத்தை விற்று ஆலை போட்டார். ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரையும் மாறும். என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். மேடை கிடைத்தால் சாமிகளைச் சும்மா விடமாட்டார். கூலிப் போராட்டத்தில் இதே மிராசின் வயலில் அறுப்பை நிறுத்தியவரும் அவர்தான். நான் டிப்ளமா முடித்துவிட்டு அந்த மிராசின் ஆலைக்கே சூப்பர்வைசராகப் போய் நின்றேன். "அறுப்ப நிறுத்துனவன் மவன் என் மிஷின ஓட்டட்டும், பாப்பம்" என்று சொல்லித்தான் வேலை கொடுத்தார்.

மிஷினில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஓர் எண்ணெயைக் காயவைத்து, பம்பால் குழாய்களில் சுற்றவிட்டு, அந்தச் சூட்டில் தவிட்டெண்ணெயைச் சுத்தம் செய்வோம். காய்ந்தால் எண்ணெய் பெருகும். அதற்கு இடம்விடக் கூரைக்கு மேல் ஒரு தொட்டி. தொட்டிக்கு ஒரு காற்றுக் குழாய். குழாய்க்குக் குடை மாதிரி ஒரு பித்தளை மூடி. அந்த மூடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கறுப்புச் சட்டைக்காரர் பிள்ளை பூஜையில் சொதப்புவான் என்று ஆலையே காத்திருந்தது. விடுவேனா? (வீம்பு எங்கள் பரம்பரைச் சொத்து. வேறு சொத்து கிடையாது.) பம்புக்குச் சந்தனம், மோட்டாருக்குக் குங்குமம் வைத்தேன். கூரையேறித் தொட்டிக்கும் மாலை போடப் போனேன். காற்றுக் குழாயில் மாலையை நுழைக்க மூடி இடைஞ்சலாக இருந்தது, கழற்றினேன். கீழே வந்தால் கற்பூரத் தட்டைக் காணோம். அதனாலென்ன, கையில்தான் மூடி இருக்கிறதே! மல்லாத்திப் பிடித்து அதிலேயே கற்பூரம் கொளுத்தி முதலாளியிடம் நீட்டினேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஒங்கப்பன் பாக்கணும்டா இத" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பூஜை விடுமுறையில் மழை பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்கியது.

விடுமுறை முடிந்து மிஷினைப் போட்டோம். இருநூறு டிகிரியைத் தாண்ட வேண்டிய முள் நூறில் நின்று ஆடியது. பம்பு கடகடவென்று பல்லைக் கடித்தது. முதலாளி வந்து பார்த்தார்.

"மெட்ராஸ்லேருந்து ஆள வரச்சொல்லியிருக்கேன். அவன் வர்றதுக்குள்ள ஓடுனா நீ இரு. இல்லன்னா அவன் வந்து எறங்குற பஸ்ஸுலயே நீ ஏறிக்க."

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அவரு வயல்ல நாங்க வேலைய நிறுத்தினது போராட்டம். நீ இருந்தும் அவரு ஆலை நின்னா, அது மானக்கேடுடா."

விடிந்ததும் சைக்கிளை மிதித்தேன். ஓடவைக்காமல் கொட்டகையை விட்டு நகர்வதில்லை என்று முடிவு. சூடு காட்டும் கருவியை மாற்றினேன். முள் நூறில் நின்றது. பர்னரைக் கழற்றித் துடைத்தேன். நூறு. வடிகட்டி, பம்பு எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினேன். நூறு. (நூறு டிகிரியில் கொதிப்பது எது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நான் டிப்ளமா.)

ஃபிட்டர் சாகுல் பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, இனிமே கழட்டுறதுக்குக் கொட்டகைதான் பாக்கி."

"அதையும் கழட்டுவோம் பாய்" என்றேன். நிஜமாகவே கழற்றியிருப்பேன்.

அடிக்குழாயிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் பிடித்து ஸ்டவ்வில் காட்டினேன். ஈரக் கடுகைத் தாளித்ததுபோல் சடசடவென்று வெடித்தது. எண்ணெய்க்குள் தண்ணீர்! மெல்ல மெல்லச் சூடேற்றி, தண்ணீரை ஆவியாக மேல்தொட்டி வழியே விரட்ட வேண்டும். படித்தது ஞாபகம் வந்தது. 'மெல்ல மெல்ல' மட்டும் ஞாபகம் வரவில்லை. தீயைக் கூட்டினேன்.

முதலாளி அந்த நேரம் பார்த்துக் கூரை ஓரத்துக்குக் கீழே வந்து நின்றார். மேல்தொட்டி சோற்றுலையாகப் பொங்கி, நுரைத்த எண்ணெய் தகரத்தில் வழிந்து அவர் வேட்டியில் இறங்கியது. (மேல்தொட்டி எண்ணெய் வெதுவெதுப்புதான். இல்லாவிட்டால் இதைச் சிறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.) எந்தக் கட்சியிலும் இல்லாத பழுப்புக் கரை ஒன்று அவர் வேட்டிக்குக் கிடைத்தது.

"என்னடா இது!"

"தண்ணி வெளிய போவுதுங்கய்யா."

"உள்ள எப்படிடா போச்சு?"

பார்க்கிறேன் என்று கூரையேறினேன். நான் போட்ட மாலை வாடிக்கிடக்க, காற்றுக் குழாய் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பெய்த மழை அத்தனையும் குடித்திருக்கிறது. இறங்கி நேரே முதலாளி அறைக்குப் போய், சாமி படத்துக்கு முன்னால் பூஜையன்று நானே வைத்துவிட்டு வந்த, கற்பூரக் கரி படிந்த மூடியை அவர் கண்ணெதிரே எடுத்து வந்தேன். அவர் மூடியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மூடியைத் துடைத்து வைத்துக்கொண்டு தீயைக் குறைத்தேன். பால் காய்ச்சுகிறவர்கள்போல அங்கேயே நின்றேன். வெயில் சாய்கிற நேரத்தில் முள் நூறைத் தாண்டியது. பிறகு நூற்றைம்பது. பிறகு இருநூறுக்கு மேல் போய், ஆடாமல் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "புகை ஜாஸ்தி தம்பி" என்று சாகுல் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கூரையேறி மூடியை இறுக்கிப் பூட்டினேன்.

"ஓடுதா?" என்றார் முதலாளி.

"ஓடுதுங்கய்யா."

"அப்ப இரு. அடுத்த பூஜைக்கு மட்டும் லீவு போட்டுடு."

மெட்ராஸ் ஆள் வந்து, ஓடுகிற மிஷினைப் பார்த்து, டிகிரி காபி குடித்துவிட்டுத் திரும்பினார்.

அப்பா கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இத்தன வருஷமா தொண்ட கிழிய நான் சொன்னத, நீ ஒரு மூடியில நிரூபிச்சிட்டியேடா!" அடுத்த கூட்டத்திலேயே மேடையில் சொல்லிவிட்டார். ஊரே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "ஆனா அத ஓடவச்சதும் எம்மவன்தான்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. நான் கூட்டத்தின் கடைசியில் தலைகுனிந்து நின்றிருந்தேன்.

இப்போதும் வீட்டில் மிக்சி ஓடவில்லை, மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் என் மனைவி மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. "மொதல்ல சாமி படத்துக்கு முன்னால போய்ப் பாத்துட்டு வாங்க" என்கிறாள். நானும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.