மிதிப்பது பற்றி நான் ஆற்றிய உரை

எனக்குப் பேச்சுத் திறமை இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலோடு முடிந்துபோனது. அதற்கு முன் பதினோரு நிமிடம் பேசியிருந்தேன். அந்தப் பேச்சில் நான் அதிகம் சொன்ன சொல் ‘மிதித்தார்கள்’.

அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். தாடி வைத்திருந்தேன் (அம்மா அதைத் தாடி என்று ஒப்புக்கொள்ளவில்லை). குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி கேட்டு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கூட்டம் போட்டார்கள். “படிச்ச புள்ள, நாலு வார்த்தை பேசட்டும்” என்றார் தலைவர். நாலு வார்த்தையோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

பின்னால் நின்றவர்களுக்கு என் முகம் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்கு மேலே, மானாப்புல் பரப்பிய மேடான இடம் ஒன்று மெத்தென்று கிடந்தது. ஏறி நின்றேன்.

“தலைமுறை தலைமுறையாக நம்மை மிதித்தார்கள்!” என்று ஆரம்பித்தேன். சொல்லுக்கு வலு சேர்க்கக் காலையும் ஓங்கி ஊன்றினேன். “நம் உழைப்பை மிதித்தார்கள்!” இன்னொரு ஊன்று. “நம் மானத்தை மிதித்தார்கள்!” இரண்டு காலாலும்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கைகள் உயர்ந்தன. முன்வரிசையில் ஒரு பெண் கத்தினாள்: “தம்பி, எறங்கு! எறங்கு!”

களத்தில் இறங்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. “இறங்குவோம்!” என்று முழங்கினேன். “எறங்குடா!” என்று பத்துப் பேர் சேர்ந்து கத்தினார்கள். “இறங்கியே தீருவோம்!” என்று அந்த மேட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துகொண்டே முழங்கினேன்.

அப்போது யாரோ என் கணுக்காலைப் பிடித்தார்கள். குனிந்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியம் அக்கா.

“தம்பி, கால எடுப்பா. கீழ நாத்து இருக்கு.”

புல்லை விலக்கிக் காட்டினார். உள்ளே நூல் நூலாக லீக்ஸ் நாற்று, மண்ணோடு மண்ணாக நசுங்கிக் கிடந்தது. விடியற்காலைப் பனியில் கருகாமல் இருக்கத்தான் புல் போட்டு மூடியிருந்தார். சிலர் சிரித்தார்கள். பாக்கியம் அக்கா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொரு நாற்றாக நிமிர்த்திப் பார்த்தார். எதுவும் நிமிரவில்லை.

அம்மா சொல்லித்தான் மற்றது தெரிந்தது. கணவர் இறந்தபின் மூன்று வருடம் அலைந்து, ஓடைக்குக் கீழே கைவிடப்பட்ட தேயிலை நிலத்தில் ஒரு துண்டைப் பயிர் செய்யக் கேட்டு வாங்கியிருந்தார் அவர். மாத முடிவுக்குள் நட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்கு இருந்த ஒரே நாற்றங்காலின் மேல்தான் நான் நின்று காணி கேட்டிருக்கிறேன்.

“நான் வேற நாத்து வாங்கியாறேங்கா” என்று சொல்லிவிட்டு மறுநாளே கந்தப்பளைச் சந்தைக்குப் போனேன். நல்ல நாற்றாகத்தான் கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. நாற்றுச் சாக்கைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் மொத்தக் கூட்டமும் என் பக்கம் சாய்ந்தது. “மிதிக்காதீங்க! மிதிக்காதீங்க!” என்று கத்தினேன். ஒரு பெரியவர், “மெதுவாப் பேசுங்க தம்பி, யாரு உங்கள மிதிச்சா?” என்று கேட்டபடியே சாக்கின் மேல் ஏறி நின்றார்.

பிழைத்தது இரண்டு சின்ன வரிசைக்குத்தான் காணும். பாக்கியம் அக்கா அதையும் நட்டார்.

மாத முடிவில் கண்டாக்கையா நிலத்தைப் பார்க்க வந்தார். வேலையை மேற்பார்க்கிறவர், கெட்ட மனிதரும் அல்ல, கேட்டால் காது கொடுப்பார். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனார். “போய் நீயே சொல்லு” என்று அம்மா என் தோளைத் தள்ளினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பதினோரு நிமிடம் முழங்கிய வாய்க்கு, ‘நான்தான் மிதித்தேன்’ என்ற இரண்டு சொல் வரவில்லை. அவர் திரும்பிப் போகும் சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றேன். அடுத்த வாரம் அந்தத் துண்டு வேறொருவருக்குப் போனது. நான் அதற்குள் விடுமுறை முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தேன் (பரீட்சை என்று சொன்னேன், பரீட்சை இல்லை).

அதன்பின் பாக்கியம் அக்காவின் வாசலை மிதிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. அவர் மகளின் கல்யாணத்துக்குப் போனேன். “வா தம்பி, எளைச்சுட்டியே” என்று இலை போட்டுச் சோறு வைத்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். “கறி போதுமா?” என்றார். போதும் என்றேன்.

அந்தக் கூட்டத்தை என் தங்கச்சி போனில் படம் பிடித்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இப்போது தீபாவளிக்குத் தீபாவளி அது எங்கள் வீட்டில் ஓடுகிறது. என் மனைவிக்கு வசனம் முழுக்கப் பாடம். என் மகள், ஐந்து வயது, கட்டிலில் ஏறி நின்று “மிதித்தார்கள்!” என்று குதிப்பாள். பாக்கியம் அக்கா என் காலைப் பிடிக்கும் இடத்தில் படம் நின்றுவிடும். தங்கச்சி சிரிப்பை அடக்க முடியாமல் போனை மூடிவிட்டாளாம்.

போன தீபாவளிக்குப் பாக்கியம் அக்காவும் வந்து உட்கார்ந்து பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தபடி என்னைப் பார்த்து, “பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. காணி கெடைச்சா எனக்கும் ஒரு வார்த்த சொல்லு” என்றார்.

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நான் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.